ஷாபி அலோன்சோ: மாட்ரிட்டின் ஏழரை மாதத்தை வைத்து எடை போடலாமா?

நடுக்களத்தான்

ஸ்பெயினின் பழைய நடுக்கள வீரர் ஷாபி அலோன்சோ ஜெர்மனியின் லெவர்குசனிலும் பிறகு ரியல் மாட்ரிட்டிலும் பயிற்சியாளராக இருந்ததைப் பற்றி இன்னொரு இழையில் ஒருவர் "லெவர்குசன் ஒரு சீசன் அதிர்ஷ்டம், மாட்ரிட் போனதும் சாயம் வெளுத்துவிட்டது" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் போட ஆரம்பித்து அது வளர்ந்துகொண்டே போனதால் தனி இழையாகப் போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தை முடித்துவிடுவோம். சாவி வேறு, ஷாபி வேறு. சாவி பார்சிலோனாக்காரர். இவர் வடக்கு ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுக்காரர், பிறந்தது 1981 நவம்பரில், தொலோசா என்ற சிறிய ஊரில். அப்பா பெரிகோ அலோன்சோவும் நடுக்கள வீரர்தான், ரியல் சோசியடாட் 1981, 1982 என்று அடுத்தடுத்து லீக் வென்ற அணியில் இருந்தவர், பிறகு பார்சிலோனாவிலும் ஒன்று வென்றார். அண்ணன் மிகேலும் கால்பந்து வீரர். சான் செபாஸ்டியனின் கொஞ்சா கடற்கரை மணலில் ஷாபியோடு சேர்ந்து பந்து உதைத்த பையன் யார் தெரியுமா? பின்னாளில் ஆர்சனல் பயிற்சியாளரான மிகேல் ஆர்டெட்டா. ஒரே தெருக் கூட்டத்திலிருந்து இத்தனை பேர் என்றால் அந்தத் தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது.

என் வாதம் ஒன்றுதான். அலோன்சோ ஆடிய அணியாக இருந்தாலும் சரி, பயிற்சி கொடுத்த அணியாக இருந்தாலும் சரி, நடுவில் ஒரு அலோன்சோ இருந்தால் அந்த அணி ஓடும், இல்லையென்றால் நொண்டும். லிவர்பூல் 2008-09இல் 86 புள்ளிகளோடு இரண்டாம் இடம் வந்தது. அடுத்த கோடையில் அவரை மாட்ரிட்டுக்கு விற்றார்கள். மறு சீசனே ஏழாம் இடம், பயிற்சியாளர் பெனிடஸும் வெளியே போனார். லெவர்குசனில் பயிற்சியாளராக அவர் கேட்டு வாங்கிய முக்கியமான ஆள் கிரானிட் ஷாகா. ஆர்சனலில் பாதிக் கூட்டம் திட்டிக்கொண்டிருந்த ஆள், இங்கே வந்து நடுவில் நின்று அணியையே நடத்தினார். அப்புறம் 2025இல் மாட்ரிட். அங்கே நடுக்களத்தை நடத்திய குரூஸ் ஒரு வருடம் முன்பே ஓய்வு பெற்றாயிற்று. கிளப் உலகக் கோப்பை முடிந்ததும் இன்னொரு நடுக்கள வீரர் மோட்ரிச் மிலானுக்குப் போனார். உலகத்திலேயே நன்றாக அந்த இடத்தில் ஆடியவர்களில் ஒருவர் பயிற்சியாளராக வருகிறார், அவர் கையில் அந்த இடத்தில் ஆட ஆள் இல்லை. சமையல்காரரைக் கூட்டி வந்து அடுப்பைத் தூக்கிக்கொண்டு போன கதைதான்.

அடிக்க வருபவர்கள் வரலாம்.

வெள்ளைச்சட்டை

வந்துவிட்டேன் தலைவரே. சாக்குக்கு ஒரு அளவு வேண்டாமா? கிளப் உலகக் கோப்பை அரையிறுதியில் பிஎஸ்ஜியிடம் 4-0. செப்டம்பரில் அத்லெட்டிகோவிடம் 5-2. டிசம்பரில் சொந்த மைதானத்தில் செல்டா 2-0, மூன்று நாள் கழித்து அதே மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டி 2-1. 2026 ஜனவரி 11இல் ஜெட்டாவில் சூப்பர் கோப்பை இறுதியில் பார்சாவிடம் 3-2, மறுநாள் மூட்டை கட்டியாயிற்று. இதற்கெல்லாம் குரூஸ் இல்லாததுதான் காரணமா? முந்தைய பயிற்சியாளர் ஆன்செலோட்டிக்கும் கடைசி வருடம் குரூஸ் இல்லை, ஆனால் ஆன்செலோட்டியிடம் வீரர்கள் முறைத்துக்கொண்டு போனதில்லையே.

அக்டோபரில் பார்சாவோடு நடந்த கிளாசிகோவை மறக்க முடியுமா? 2-1 என்று முன்னிலை, முன்கள வீரர் வினீசியஸை அலோன்சோ வெளியே எடுக்கிறார், அந்த ஆள் கையை விரித்து, தலையை ஆட்டி, நேராகச் சுரங்கப்பாதைக்குள் போய்விட்டார். ஜெயித்த ஆட்டம் அது! பிறகு மன்னிப்பு அறிக்கை வந்தது, எல்லாரையும் பற்றி இருந்தது, பயிற்சியாளர் பெயர் மட்டும் இல்லை. நான் அன்றைக்கே வீட்டில் சொன்னேன், இது தீபாவளிக்குத் தீபாவளி தாங்காது என்று.

பெஞ்ச் பிளேயர்

மே 25 அன்று அறிவிப்பு, ஜனவரி 12 அன்று வழியனுப்பு. சரியாக ஏழரை மாதம். ஏழரை யாரையும் விடாது அண்ணா, மாட்ரிட்டின் பெர்னபேயு மைதானத்தில் பரிகாரமும் கிடையாது.

ஆன்ஃபீல்டு அடிமை

ஏழரையை விடுங்கள், நான் பழைய கதைக்குப் போகிறேன். இங்கே பாதிப் பேர் அலோன்சோ ஆடியதைத் துண்டுத் துண்டு வீடியோவில்தான் பார்த்திருப்பீர்கள். நான் 2004இலிருந்து பார்த்தவன்.

2005 புத்தாண்டு நாள், லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் செல்சீ. லாம்பார்ட் போட்ட டேக்கிளில் இவருக்குக் கணுக்கால் உடைந்தது. சீசன் முடிந்தது என்றே நினைத்தோம். ஏப்ரலில் டூரினில் யுவென்டஸோடு சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் இரண்டாம் ஆட்டம், கோல் விடாமல் இருந்தால் போதும் என்ற நிலையில் திரும்பி வந்தார், அன்றைக்கு 0-0. மூன்று மாதம் பந்தைத் தொடாதவர் மாதிரியே இல்லை. அரையிறுதியில் செல்சீயோடு முதல் ஆட்டத்தில் குட்ஜான்சன் விழுந்ததற்கு மஞ்சள் அட்டை, அதனால் ஆன்ஃபீல்டில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் ஆட முடியவில்லை. அது ஃபவுலே இல்லை, இன்றைக்கும் சொல்வேன்.

இஸ்தான்புல்லில் ஏசி மிலானோடு இறுதிப்போட்டி. நமக்கு அது நள்ளிரவு தாண்டிய ஆட்டம். இடைவேளையில் நாங்கள் 0-3 பின்னால். அப்பா "போய்ப் படுடா" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார், நான் ஒலியைக் குறைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். 54ஆவது நிமிடம் ஜெரார்ட். 56 ஸ்மிட்சர். 60ஆவது நிமிடம் பெனால்டி, அலோன்சோ அடிக்கிறார், மிலான் கோல்கீப்பர் டீடா தட்டிவிடுகிறார். அந்த ஒரு நொடியில் மற்றவர்களாக இருந்தால் தலையில் கை வைத்திருப்பார்கள். இவர் ஓடிக்கொண்டேதான் இருந்தார், தட்டிய பந்து வந்தது, இடது காலால் மேல்வலைக்குள். 3-3. நான் கத்தியதில் அப்பாவும் எழுந்துவிட்டார், கடைசியில் பெனால்டி முடியும் வரை அவரும் உட்கார்ந்து பார்த்தார்.

நடுக்களத்தான் சொன்னதில் ஒரு திருத்தம். அவரைச் சும்மா விற்கவில்லை. 2008 கோடையிலேயே பெனிடஸ் அவரைத் தள்ளிவிட்டு ஆஸ்டன் வில்லாவின் காரெத் பாரியை வாங்கப் பார்த்தார். அதே வருடம் மார்ச்சில் குழந்தை பிறக்கும் நேரம் என்பதால் இன்டர் மிலான் ஆட்டத்துக்கு அலோன்சோ போகவில்லை, அது பெனிடஸுக்குப் பிடிக்கவில்லை என்று அப்போதே பேச்சு. ரசிகர்கள் மைதானத்தில் பாரியே வேண்டாம் என்று பாட்டுப் பாடினார்கள். அந்த வருடம் தப்பித்தோம், அடுத்த வருடம் சுமார் 3 கோடி பவுண்டுக்குப் போய்விட்டார். அவருக்குப் பதில் வந்தவர் அக்விலானி. வரும்போதே காயத்தோடு வந்தார். போதும், இதற்கு மேல் எழுதினால் இரத்த அழுத்தம் ஏறும்.

சனிக்கிழமை கோச்

நான் வாரக் கடைசியில் ஒரு பள்ளி மைதானத்தில் பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், சம்பளம் கிடையாது, டீ உண்டு. அவர்களுக்கு அலோன்சோ வீடியோ போடும்போது பந்தைப் பார்க்காதே, அவர் கழுத்தைப் பார் என்பேன்.

பாதுகாப்பு வீரரிடமிருந்து பந்து அவருக்கு வரப்போகிறது. வருவதற்கு முன்னால் இடது தோளுக்கு மேலே ஒரு பார்வை, வலது தோளுக்கு மேலே ஒரு பார்வை. உடம்பு பந்துக்கு நேராக இருக்காது, பாதி திரும்பி, கதவைப் பாதி திறந்து வைத்த மாதிரி நிற்கும். பந்து வந்து தொடும்போது அடுத்து எங்கே போக வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அதனால்தான் வேகம் இல்லாத மனிதர் எப்போதும் அவசரப்படாமல் தெரிந்தார். நம் பையன்கள் பந்து காலுக்கு வந்த பிறகுதான் ஊரைச் சுற்றிப் பார்ப்பார்கள், அதற்குள் எதிரணி ஆள் வந்து முழங்காலில் ஒன்று கொடுத்துவிடுவான்.

இன்னொன்று. டேக்கிள் என்பது ஒரு திறமையே இல்லை, அது கடைசி வழி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருந்தால் அதற்குத் தேவை வராது என்பது அவருடைய கருத்து. இங்கிலாந்தில் இளைஞர் அணிப் பையன்கள் தங்கள் பலம் என்று டேக்கிளைச் சொன்னது அவருக்குப் புரியவே இல்லையாம். இதை என் அணியின் டிஃபெண்டரிடம் சொன்னேன், "சார், அப்போ நான் எதுக்கு?" என்றான். நியாயமான கேள்விதான்.

வெள்ளைச்சட்டை

கோச் சார், அதே மனிதர் 2014 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் மியூனிக்கில் ஷ்வைன்ஸ்டைகர் மேல் சறுக்கிப் போட்ட டேக்கிளால்தான் மஞ்சள் அட்டை வாங்கி இறுதிப்போட்டியை இழந்தார். அந்த ஆட்டத்தை 4-0 என்று ஜெயித்தோம், அந்த டேக்கிளுக்கு எந்த அவசியமும் இல்லை. தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்ட காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. பத்தாவது கோப்பைக்கு மாட்ரிட் 12 வருடம் காத்திருந்தது, லிஸ்பனில் இவர் கோட்டுப் போட்டுக்கொண்டு மேலே பார்வையாளர் இடத்தில். கூடுதல் நேரத்தில் பேல் அடித்ததும் படி இறங்கி, போட்ட கோட்டோடேயே மைதான ஓரம் வரை ஓடி வந்தாரே! அது எனக்குப் பிடித்த அலோன்சோ. நான் அவருக்கு எதிரி இல்லை, புரிந்துகொள்ளுங்கள். 2012இல் 100 புள்ளிகளோடு லீக் ஜெயித்த அணியின் முதுகெலும்பு அவர்தான்.

பயிற்சியாளராக வந்தபோதுதான் என் மனம் ஒட்டவில்லை.

ரைன்கரை

வணக்கம். நான் ஜேர்மனியில், கொலோன் பக்கம் இருக்கிறேன். லெவர்குசன் எனக்கு ரயிலில் கொஞ்ச நேரம். லெவர்குசன் விஷயத்தை அதிர்ஷ்டம் என்று எழுதியவருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும். அது பாயர் மருந்துக் கம்பனியின் ஊர், கழகமே கம்பனித் தொழிலாளர்கள் தொடங்கியது, அரங்கில் முப்பதாயிரம் பேர்தான் கொள்ளும். இங்குள்ள ஆட்கள் கேலிக்கு "ஃபீட்செகுசன்" என்பார்கள், எப்போதும் இரண்டாவது என்று அர்த்தம். 2000இல் கடைசி நாளில் சமநிலை எடுத்தாலே கிண்ணம், உன்டர்ஹாகிங் என்ற சின்ன அணியிடம் தோற்றார்கள், அதிலும் பல்லாக் தன் வலைக்குள்ளேயே அடித்தார். 2002இல் லீக், ஜேர்மன் கிண்ணம், சாம்பியன்ஸ் லீக் மூன்றிலும் இரண்டாவது. இப்படி ஒரு சாபம்.

2022 ஒக்டோபரில் அலோன்சோ வரும்போது எட்டு ஆட்டத்தில் ஐந்து புள்ளி, கீழிருந்து இரண்டாவது. அவருக்கு முன் அனுபவம் என்று பார்த்தால் மாட்ரிட்டில் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும், ரியல் சோசியடாட்டின் இரண்டாம் அணியும்தான். அந்த இரண்டாம் அணியை 2021இல் இரண்டாம் பிரிவுக்கு ஏற்றினார், அறுபது வருடத்துக்குப் பிறகு. அடுத்த வருடமே இறங்கியும் விட்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வந்து முதல் ஆட்டத்தில் ஷால்கவை 4-0. ஆனால் முதலில் அவர் செய்தது தாக்குதல் இல்லை. பின்னால் மூன்று பேரை வைத்து ஓட்டையை அடைத்தார். வேகமாக ஓடுகிற ஃப்ரிம்பொங்கை வலது பக்கம் மேலே விட்டார். அடுத்த கோடையில் ஷாகா, பென்ஃபிகாவில் ஒப்பந்தம் முடிந்து இலவசமாக வந்த கிரிமால்டோ, ஹொஃப்மான், பொனிஃபேஸ் என்று வந்தார்கள். பிறகுதான் அந்த 3-4-2-1 ஆட்ட அமைப்பு பூத்தது. கிரிமால்டோ இடது பக்கம் என்று பெயர், பாதி நேரம் நடுவில் நிற்பார். தாக்குதல் நடுக்கள வீரர் விர்ட்ஸ் எதிரணியின் நடுக்கள வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவில் பந்து வாங்குவார். ஷாகா பின்னாலிருந்து மெதுவாக்குவார், வேகமாக்குவார். பயிற்சியில் அலோன்சோவே உள்ளே இறங்கி நீளப் பந்து அடித்துக் காட்டுவார் என்று இங்கே பத்திரிகைகளில் அடிக்கடி வரும்.

34 ஆட்டம், 28 வெற்றி, 6 சமநிலை, தோல்வி பூச்சியம். பேயர்ன் மியூனிக்கின் 11 வருட லீக் ஆட்சி முடிந்தது. கடைசி நிமிட கோல்களை அதிர்ஷ்டம் என்கிறார்கள். ஐரோப்பா லீக்கில் கராபாக்கோடு வீட்டில் 0-2 பின்னால் இருந்து, ஷிக் மேலதிக நேரத்தில் இரண்டு அடித்து 3-2. ரோமாவோடு 97ஆவது நிமிடத்தில் ஸ்டானிஷிச் 2-2. ஒருமுறை என்றால் அதிர்ஷ்டம், வருடம் முழுக்க நடந்தால் அதற்குப் பெயர் வேறு. எதிரணியை எண்பது நிமிடம் அங்கேயும் இங்கேயும் ஓடவிட்டால் கடைசியில் அவன் கால் இழுக்கும்.

2024 ஏப்ரல் 14, லீக் கிண்ணம் உறுதியான நாள், வெர்டர் பிரேமனோடு 5-0, விர்ட்ஸ் மூன்று. எனக்கு டிக்கெட் இல்லை, வெளியே நின்றேன். ஆட்டம் முடிய முன்னமே சனம் வேலி தாண்டி உள்ளே போய்விட்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வயதான ஜேர்மன்காரர் 2000இல் உன்டர்ஹாகிங் வரை போய்த் தோல்வியைப் பார்த்துத் திரும்பியவராம், அவர் கத்தவுமில்லை பாடவுமில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பெஞ்ச் பிளேயர்

ரைன்கரை அண்ணை, அருமை. ஆனால் டப்ளினை மறைத்துவிட்டீர்கள். 51 ஆட்டம் தோற்காமல் வந்து ஐரோப்பா லீக் இறுதியில் அட்டலாண்டாவிடம் 3-0, லுக்மன் ஒருவரே மூன்றும்.

ரைன்கரை

மறைக்கவில்லை தம்பி, வலிக்கிறது. மூன்று நாள் கழித்து பெர்லினில் கைசர்ஸ்லாட்டர்னை 1-0 என்று வென்று ஜேர்மன் கிண்ணமும் எடுத்தார்கள், அதிலும் இடைவேளைக்கு முன்னமே கொசுனுவுக்குச் சிவப்பு அட்டை, பத்துப் பேரோடு. கோல் அடித்தவர் யார் என்று பாருங்கள். ஷாகா.

நடுக்களத்தான்

நன்றி, என் வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள். இன்னொன்றையும் சேர்க்கிறேன். 2025 கோடையில் அலோன்சோ, விர்ட்ஸ், ஃப்ரிம்பொங், ஷாகா எல்லாரும் போனார்கள். புதிதாக வந்த பயிற்சியாளர் டென் ஹாக்கை இரண்டே லீக் ஆட்டத்தில் அனுப்பிவிட்டார்கள். ஷாகா போன இடம் சண்டர்லண்ட், அங்கே போனதும் தலைவர் பட்டை.

வெள்ளைச்சட்டைக்கு: நீங்கள் சொன்ன தோல்விகள் எல்லாம் உண்மை, ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் கிளாசிகோ முடிந்த அன்று மாட்ரிட் ஐந்து புள்ளி முன்னிலையில் இருந்தது. பிறகு ராயோவோடு 0-0, எல்சேயோடு 2-2, ஜிரோனாவோடு 1-1. மூன்றும் சின்ன அணிகள், மூன்றும் பின்னால் இறங்கி நின்ற அணிகள். இப்படி அடைத்துக்கொண்டு நிற்கும் அணியைத் திறக்கத்தான் குரூஸ் மாதிரி ஆள் வேண்டும். மாட்ரிட் நடுக்களத்தில் இருந்த சுவாமெனியும் வால்வெர்டேவும் நல்ல வீரர்கள், ஓடுவார்கள், அடிப்பார்கள், பிடுங்குவார்கள். ஆட்டத்தின் வேகத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் இல்லை. பேயர்னில் கார்டியோலா அலோன்சோவை வாங்கி வந்த ஒரே மாதத்தில் கொலோனோடு ஒரே ஆட்டத்தில் இருநூறு முறைக்கு மேல் பந்தைத் தொட்டார். அப்படி எல்லாப் பந்தும் ஒருவர் வழியாகப் போகும் ஆட்டத்தில் வளர்ந்தவர் அவர்.

வெள்ளைச்சட்டை

ஆள் இல்லை என்றால் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். வாங்கித் தரவில்லை என்றால் வந்திருக்கவே கூடாது. 2024 மார்ச்சில் லிவர்பூலும் பேயர்னும் காத்திருந்தபோது "நான் லெவர்குசனிலேயே இருக்கிறேன்" என்று சொன்ன மனிதர்தானே? வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்தானே?

ஆன்ஃபீல்டு அடிமை

இது நல்ல கேள்வி. வேண்டாம் என்று சொல்வதில் அவர் கெட்டி. வரி வழக்கை நினைத்துப் பாருங்கள். ஸ்பெயினில் பெரிய பெரிய வீரர்கள் எல்லாம் பணத்தைக் கட்டிச் சமரசம் செய்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள். இவருக்குச் சிறை வேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்டது, இவர் நான் தப்புச் செய்யவில்லை என்று சமரசத்தை மறுத்து வழக்கை நடத்தினார். 2019இல் நீதிமன்றம் விடுவித்தது.

ஆனால் மாட்ரிட் கூப்பிட்டால் மறுக்க முடியுமா? அங்கே ஆடியவர், அங்கேதான் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவர். பிறந்த வீட்டு அழைப்பு மாதிரி அது. தப்பு என்று தெரிந்தே போயிருப்பார் என்பது என் ஊகம்.

பெஞ்ச் பிளேயர்

மாட்ரிட்டில் அவர் இடத்துக்கு வந்தது ஆர்பெலோவா! லிவர்பூலில், மாட்ரிட்டில், ஸ்பெயின் அணியில் எல்லாம் கூடவே ஆடிய நண்பர். 2010 உலகக் கோப்பை அணியில் எத்தனை பேர் பயிற்சியாளர் ஆகிவிட்டார்கள் பாருங்கள். சாவி, அலோன்சோ, ஆர்பெலோவா, கோமோவில் ஃபாப்ரிகாஸ். அந்த இறுதிப்போட்டியில் 87ஆவது நிமிடம் அலோன்சோவுக்குப் பதிலாக இறங்கியவர்தான் ஃபாப்ரிகாஸ், வெற்றிக் கோலுக்கு இனியெஸ்டாவுக்குப் பந்து கொடுத்தவரும் அவரே. அலோன்சோவுக்கு அந்த ஆட்டத்தில் கிடைத்தது நெதர்லாந்து வீரர் டி யோங்கின் பூட்ஸ், நெஞ்சில். மஞ்சள் அட்டையோடு விட்டாரே நடுவர், அதற்கு இன்னும் கோபம் இருக்கிறது.

சனிக்கிழமை கோச்

நடுக்களத்தானின் வாதத்தில் எனக்குப் பாதி உடன்பாடு. ஆனால் அதைத் திருப்பியும் போடலாம். தன்னைப் போல ஒருவர் இல்லாமல் அணியை ஓட்ட முடியாது என்றால் அது பயிற்சியாளரின் குறையும்தானே? பெனிடஸ், மொரீன்யோ, ஆன்செலோட்டி, கார்டியோலா, டெல் போஸ்கே என்று இவ்வளவு பேரிடம் பாடம் கேட்டவர். ஆன்செலோட்டியிடம் கேட்க வேண்டிய பாடம், கையில் இருப்பதை வைத்துக் குழம்பு வைப்பது. அதைக் கற்றுக்கொண்டாரா என்பது அடுத்த அணியில்தான் தெரியும்.

நடுக்களத்தான்

கோச் சார், இது குத்துகிறது, ஆனால் ஏற்றுக்கொள்கிறேன். மாட்ரிட்டை விட்டபோது அலோன்சோவுக்கு வயது நாற்பத்து நான்குதான். லெவர்குசனிலும் முதல் சீசனில் அவரிடம் ஷாகா இல்லை, இருப்பதை வைத்து ஆறாம் இடத்துக்கும் ஐரோப்பா லீக் அரையிறுதிக்கும் கொண்டுபோனார் என்பதை மட்டும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைச்சட்டை

அது சரி. அதைக் கொடுக்கிறேன்.

பெஞ்ச் பிளேயர்

எல்லாரும் சமாதானம் ஆகிவிட்டால் இழை செத்துவிடும். அடிமை அண்ணா, அந்த லூட்டன் கோல் கதையைச் சொல்லுங்கள், புதியவர்களுக்குத் தெரியாது.

ஆன்ஃபீல்டு அடிமை

2006 ஜனவரி, எஃப்.ஏ. கோப்பை. லூட்டன் டவுன் ஒரு கட்டத்தில் 3-1 முன்னிலை. கடைசியில் நாங்கள் 4-3, லூட்டனுக்கு ஒரு கார்னர், அவர்கள் கோல்கீப்பரும் மேலே ஏறி வந்துவிட்டார். பந்து அலோன்சோவிடம் வந்தது, அவர் இன்னும் எங்கள் பாதியில். ஜெரார்ட் பக்கத்தில் கையை நீட்டிப் பந்து கேட்கிறார். இவர் தலையைத் தூக்கி ஒரு பார்வை, அங்கிருந்தே அடித்தார். பந்து உருண்டு உருண்டு காலி வலைக்குள் போனது. ஜெரார்ட் திட்ட ஆரம்பித்து முடிக்கவில்லை.

அந்த சீசனில் அலோன்சோ தன் பாதியிலிருந்து கோல் அடிப்பார் என்று ஒரு ரசிகர் 125க்கு 1 விகிதத்தில் 200 பவுண்டு பந்தயம் கட்டியிருந்தார். 25,000 பவுண்டு வாங்கிப் போனார். எட்டு மாதம் கழித்து நியூகாஸிலுக்கு எதிராக அதே மாதிரி இன்னொன்று அடித்தார், அப்போது யாராவது பந்தயம் கட்டியிருந்தார்களா என்றுதான் ஒவ்வொரு முறையும் யோசிப்பேன்.